ஊர் வேண்டாம், மண் வேண்டும்

(காலாப்பட்டில் நிகழ்த்தப்பட்ட நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமத்து வாழ்வின் மீதான நேசத்தைப் புறநகரில் எப்படிக் காப்பாற்றிக்கொள்வது என்பதுதான் இன்றைய பேச்சு. தலைப்பைச் சொன்னவுடன் மன்றத்துக்குள்ளேயே ஒரு சிரிப்பு எழுந்தது. ‘கிராமத்தை நேசிக்கிறவர்களுக்கு வேறு மேடை இருக்கிறது தோழர், இது நம் மேடை’ என்றார் ஒருவர். அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட கீழவெண்மணி ஒரு கிராமம்தான், சுற்றிலும் பச்சை வயல் இருந்த கிராமம். 2022 டிசம்பரில் நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயலும் கிராமம்தான். காற்று சுத்தம், தண்ணீர் இனிப்பு, மனிதர்கள் வெள்ளந்தி என்று கிராமத்தைப் பற்றிச் சொல்லப்படுகிற எதையும் சேரியில் பிறந்தவர்கள் அப்படியே நம்பிவிட முடியாது.

அண்ணல் இதை அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசும்போது, இந்தியக் கிராமத்தைச் சின்னஞ்சிறு குடியரசு என்று புகழ்ந்த மெட்காஃபை எடுத்துக்கொண்டு, குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிக் கிடக்கிற இடம்தான் கிராமம் என்றார். வரைவில் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக வைத்ததற்காக மகிழ்ச்சியும் தெரிவித்தார். சபையில் பலருக்குக் கோபம். அதே மாதம் 22ஆம் தேதி கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகக் கிராமப் பஞ்சாயத்து உள்ளே வந்தது. இன்று அது 40ஆம் பிரிவு.

நம் மேடைகளில் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால் போகவேண்டும். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாட்டின் தீர்மானங்களில் ஒன்று, ஊரிலிருந்து விலகிய தனிக் குடியிருப்புகள் நம் மக்களுக்கு வேண்டும் என்பது. 1947இல் வெளிவந்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற நூலில் அண்ணல் அதை இன்னும் விரிவாகவே எழுதினார். சாகுபடியில் இல்லாத அரசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்தின் கையில் கொடுத்துப் பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் அமைக்க வேண்டும்; விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, நிலத்தைச் சாதி பார்க்காமல் குத்தகைக்கு விடவேண்டும். கவனியுங்கள். கிராமத்தை அவ்வளவு கடுமையாகப் பேசியவர், மண்ணிலிருந்து நம்மைப் பிரித்துவிடச் சொல்லவில்லை. அவர் பிரிக்க நினைத்தது ஊரிலிருந்து. ஊரும் மண்ணும் ஒன்றல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு அது மறந்துபோகிறது. நகரத்துக்கு வந்த நம் பிள்ளைகள் ஊரை உதறும்போது மண்ணையும் சேர்த்து உதறிவிடுகிறார்கள். உதறிப்போட்டதை வேறு யாரோ பொறுக்கி, கண்ணாடிக் குடுவையில் அடைத்து, விலை ஒட்டி விற்கிறார்கள்.

நாம் கூடியிருக்கிற இந்த இடத்தை வைத்தே பேசலாம். புதுச்சேரி நகரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுச்சேரி. காலாப்பட்டு, கணபதிசெட்டிக்குளம், கனகசெட்டிக்குளம் என்று கொஞ்ச தூரம் ஓடி, மறுபடியும் தமிழ்நாடு. பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பங்கு போட்டுக்கொண்டபோது விழுந்த துண்டு இது. நம் உறவில் பாதிப்பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். சாவுக்கு அடிக்கிற பறையின் அடி இரண்டு பக்கமும் ஒன்றுதான், சாதிச் சான்றிதழ் மட்டும் இரண்டு அரசுகளுடையது. புதுச்சேரிக்கான பட்டியல் சாதியினர் ஆணை 1964இல் தனியாக வந்தது. திருமணமாகி இந்தப் பக்கம் வந்த பெண்களைக் கேளுங்கள், அந்த ஒரு ஆண்டுக்கணக்கு வீட்டுக்குள் என்னென்ன செய்யும் என்று சொல்வார்கள். அது தனிப் பேச்சு, இன்றைக்கு வேண்டாம்.

இந்தத் துண்டு நிலத்தில் முந்திரி இருந்தது, சவுக்கு இருந்தது, பனை இருந்தது, மழையை நம்பிய மேட்டு நிலம் இருந்தது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய 780 ஏக்கரில் இங்கே அமைந்தது. பொறியியல் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, அண்ணல் பெயரில் அரசு சட்டக் கல்லூரி, மத்தியச் சிறை என்று அடுத்தடுத்து வந்தன. கல்வி வந்ததை நாம் குறை சொல்ல மாட்டோம். இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர், பேசுகிற நாங்கள் உட்பட, அந்தக் கல்வியால்தான் இங்கே நிற்கிறோம். கேட்கவேண்டிய கேள்வி வேறு. நிலம் கைமாறியபோது யாருக்கு என்ன கிடைத்தது?

நாட்டில் அன்று நடைமுறையில் இருந்தது 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ, நிலத்தில் யாருக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதோ அவர்களுக்கு இழப்பீடு. அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம் அந்தச் சட்டத்தின் கண்ணில் இல்லை. நிலமற்ற விவசாயத் தொழிலாளியையும், எடுக்கப்படும் நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொண்டது 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான். நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன ஒரு கூலிக்காரியைச் சட்டம் பார்ப்பதற்கு!

எங்கள் ஆயாக்கள் கொட்டை பொறுக்கப் போன தோப்புகளில் ஒன்று ஒருநாள் கம்பிவேலிக்குள் போய்விட்டது. வேலி யார் போட்டது என்பது இங்கே முக்கியமில்லை. தோப்புக்காரருக்கு மரக்கணக்குப் பார்த்துப் பணம் வந்தது. ஆயாவுக்கு அந்தத் தோப்பிலிருந்து கூலி மட்டுமா கிடைத்தது? அடுப்புக்குச் சுள்ளி, கூட்டிப் பெருக்கிய சருகு, மழைக்குப் பின் முளைத்த கீரை, ஆடு மேய ஓர் ஓரம், உதிர்ந்த பனம்பழம், புற்றில் பிடித்த ஈசல். இவை எந்தப் பத்திரத்திலும் கிடையாது. புதுச்சேரிப் பத்திரங்களில் நிலத்தை எக்டேர், ஆர், சென்டியார் என்று ஒரு சதுர மீட்டர் வரைக்கும் அளந்து எழுதியிருப்பார்கள். அவ்வளவு நுணுக்கமான அளவில் ஆயாவின் சுள்ளிக்கு இடமில்லை. கிராமத்து வாழ்வு என்று நாம் இன்று ஏக்கத்தோடு சொல்வதில் பெரும்பகுதி நமக்கு இப்படித்தான் கிடைத்தது: உரிமையாக அல்ல, கண்டும் காணாமல் விடப்பட்ட ஒன்றாக. அதனால்தான் ஒரே நாளில் அது காணாமல் போக முடிந்தது.

புறநகராக மாறுவதில் இன்னொரு இழப்பும் உண்டு. 2005இல் வந்த 100 நாள் வேலைச் சட்டம் ஊரகப் பகுதிக்கானதாக இருந்தது. ஒரு கிராமம் நகராட்சியின் வார்டாக மாறிவிட்டால் அந்த வேலை இல்லாமல் போனது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பல ஊராட்சிகள் தங்களை மாநகராட்சி, நகராட்சியோடு சேர்க்காதே என்று போராடியது ஏன் என்று செய்தி படித்தவர்களுக்குத் தெரியும். வரி உயர்வும் 100 நாள் வேலையும்தான் மக்கள் வாயில் இருந்தன. நம் பகுதி உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. பெயரைப் பாருங்கள், உழவர்கரை! பெயரில் உழவு இருக்கிறது, ஏர் பிடித்தவனுக்கு வேலை அட்டை இல்லை.

சரி, கிராமத்தை இழந்தவர்கள் ஒருபக்கம் இருக்க, இன்று அதை நேசிப்பவர்கள் யார்? கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரைக்கும் ஒருமுறை பேருந்தில் போய்ப் பாருங்கள். பண்ணை வீடு, பசுமை மனை, கிராமியச் சூழல் என்று பலகைகள். மண் சட்டியில் சாப்பாடு போடுகிற ரிசார்ட்டுகள். திண்ணை கட்டிய வீடுகள், உட்கார யாருமில்லாத திண்ணைகள். மேற்கே செம்மண் மேட்டில் 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அது கிட்டத்தட்டப் பொட்டல். இன்று காடு. அந்தக் காட்டை உருவாக்கியவர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை, ஆனால் குழி தோண்டித் தண்ணீர் சுமந்த கைகளில் சுற்றுக் கிராமங்களின் கூலிக் கைகள் எத்தனை என்பதும் அந்த வரலாற்றில் எழுதப்படவேண்டும். மண்ணில் வேலை செய்வது ஒருவருக்கு விடுதலை, பக்கத்திலேயே குனிந்து நிற்கிற இன்னொருவருக்குத் தினக்கூலி. இந்த வேறுபாட்டைச் சமூகவியல் வகுப்பில் யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. வகுப்பு முடிந்து வெளியே வந்து, தோட்டவேலைக்கு வந்திருந்த எங்கள் சித்திகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. கி. ராஜநாராயணன் 1980களின் இறுதியில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தார். இடைசெவலின் கரிசல் காட்டிலிருந்து வந்தவர், 2021 மே 17 அன்று மறையும்வரை புதுச்சேரிக்காரராகவே இருந்தார். லாசுப்பேட்டையில் அரசுக் குடியிருப்பில் இருந்துகொண்டு கரிசலைத் தன் பேச்சில், கடிதத்தில், சொல்லகராதியில் உயிரோடு வைத்திருந்தார். இந்த வட்டாரத்தின் நாட்டுப்புறக் கதைகளையும் மாணவர்களைக் கொண்டு சேகரித்தார். புறநகரில் ஒரு மனிதர் கிராமத்தை எப்படிக் காப்பாற்றலாம் என்பதற்குப் புதுச்சேரியில் அவரைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. ஒரு சொல்லைக்கூடத் தொலைய விடாத அந்தப் பிடிவாதத்தை முதலில் கற்கலாம். ஆனாலும் அவர் காட்டிய கிராமம் சம்சாரி வீட்டுத் திண்ணையிலிருந்து தெரிகிற கிராமம். அந்தத் திண்ணையில் நம் தாத்தாக்கள் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் அழகாகத் தெரிகிற களத்துமேட்டில், பொலி தூற்றி முடித்தபின் தங்கள் படிக்காகக் காத்து நின்றவர்கள் அவர்கள்.

நம் பக்கத்திலிருந்து பார்த்தவர்களும் புதுச்சேரியில் இருந்தார்கள். 2024 நவம்பரில் மறைந்த ராஜ் கௌதமன் புதுச்சேரி அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ படித்தவர்கள் அதில் வருகிற புதுப்பட்டியை மறக்க மாட்டார்கள். அவருடைய தங்கை பாமா 1992இல் ‘கருக்கு’ எழுதினார். இருவரும் ஒரே ஊர், ஒரே தெரு, இருவரும் ஊரை விட்டு வெளியே வந்துதான் அதை எழுதினார்கள். அந்த எழுத்தில் சாதி எவ்வளவு வலியோடு வருகிறதோ அவ்வளவு ருசியோடு விளையாட்டும் சாப்பாடும் காடும் மலையும் வருகின்றன. கருக்கு என்பது பனைமட்டையின் இரண்டு பக்கமும் இருக்கிற ரம்பப் பல். அது கையைக் கிழிக்கும் என்று தெரியாத பிள்ளை நம் தெருவில் கிடையாது, அந்த மட்டையை வெட்டி வண்டி ஓட்டாத பிள்ளையும் கிடையாது. மண்ணை நேசிப்பதற்கு ஊரை மன்னிக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை நம் எழுத்தாளர்கள் முப்பது ஆண்டுகளாக எழுதிக்காட்டி வருகிறார்கள். செயலில் அதை எங்கே காட்டுவது என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில், யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ அந்த ஆசிரியர் ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மேடையில் அவர் படம் இருக்கிறது. பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் உயிரோடு இருந்தபோதே எழுந்து போய்விடுவார், அதனால் அவர் வழக்கத்தையே பின்பற்றுவோம். தொடக்கப்பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவர். காலனியில் 3 சென்ட் மனை. அதில் வீடு, கழிப்பறை, வாசல் போக ஐந்நூறு சதுர அடிக்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. அந்த இடத்தில் முருங்கை, பப்பாளி, சுண்டை, வேலியில் பிரண்டை, கோவை, தொட்டி ஓரத்தில் பொன்னாங்கண்ணி, இரண்டு ஆடு, கூண்டில் கோழி. அதைத் தோட்டம் என்று யாராவது சொன்னால் திருத்துவார். ‘கொல்லை என்று சொல்லுங்கள். கொல்லைக்குப் போகிறேன் என்று சொல்லித்தான் நம் சனம் காலையில் கிளம்பியது. அது அடுத்தவன் கொல்லை. ஒருமுறையாவது என் கொல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன்’ என்பார்.

தன்னைப் பார்க்க வருகிற கல்லூரி மாணவர்களிடம் ஐந்து கீரையின் பெயரைச் சொல்லச் சொல்வார். முளைக்கீரை, அரைக்கீரை, பாலக் என்று கடையில் விற்பதைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்கள். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துப் படிப்பார்: குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை, குமுட்டி, ஆரை, முடக்கத்தான். விலை கொடுத்து வாங்காத கீரைகள் அத்தனையும். பஞ்ச காலத்திலும், கூலி இல்லாத ஆடி மாதத்திலும் சேரியைக் காப்பாற்றிய கீரைகள். எந்தக் கீரை எந்த மழைக்கு முளைக்கும், எதை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டவேண்டும், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் குறித்து வைத்திருந்தார். நத்தையை எந்தப் பாறையில் எடுக்கலாம், வயல் நண்டை எப்படிப் பிடித்தால் கடிக்காது என்பதும் அதில் உண்டு. விவசாயப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டம் தரமாட்டார்கள். நிலம் இல்லாதவர்கள் நிலத்தைப் படித்த படிப்பு அது. நிலம் வைத்திருந்தவன் நெல்லைப் பார்த்தான், நாம் வரப்பையும் பார்த்தோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 சென்ட் என்றால் ஏறக்குறைய 1,307 சதுர அடி. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்து நம் மக்களுக்கு வீட்டுமனை கொடுத்தார்கள், புதுச்சேரியிலும் மனைப்பட்டா உண்டு. கொடுத்தது இரண்டு சென்ட், மூன்று சென்ட். முதல் தலைமுறைக்கு அதில் ஒரு கொல்லை கிடைத்தது. மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆனபோது வாசல் அறையானது. இரண்டாவது மகனுக்குக் கல்யாணம் ஆனபோது கொல்லை அறையானது. முருங்கை வெட்டப்பட்டது. ஆட்டை விற்றுச் சிமெண்ட் வாங்கினார்கள். நம் காலனிகளில் கிராமத்து வாழ்வு செத்த நாளைச் சரியாகச் சொல்லவேண்டுமானால் அது இரண்டாவது மகனின் கல்யாண நாள்! நம் பிள்ளைகளுக்கு மண்மேல் ஆசையில்லை என்று பேசுகிற பெரியவர்கள், ஆசை வைக்க எத்தனை அடி மண் மிச்சமிருந்தது என்று அளந்துவிட்டுப் பேசவேண்டும்.

அளவைச் சுருக்கியது யார்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அது. 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் நம் கையில் மிச்சமிருப்பது எவ்வளவு என்பதை ஒவ்வொரு கிராமத்திலும் தாலுகா ஆபீஸ் படியேறித் தேடவேண்டியிருக்கிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் கூடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது; ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள். காலாப்பட்டுக்கு அந்த 1892 ஆணை பொருந்தாது, இது அன்று பிரெஞ்சு நிலம். நம் உறவுக்காரர்கள் வாழ்கிற எல்லைக்கு அந்தப் பக்கம் பொருந்தும். ஒரே சனத்தில் அண்ணன் வீட்டுக்குப் பறிக்கப்பட்ட பஞ்சமி நிலம் உண்டு, தம்பி வீட்டுக்குப் பறிப்பதற்குக்கூட எதுவும் கொடுக்கப்படவில்லை. நாடு முழுக்கப் பார்த்தாலும் கதை பெரிதாக மாறவில்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

மாணவ நண்பர்கள் சிலர் சென்ற கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள், அதை ஒதுக்கிவிட முடியாது. ‘எங்கள் அம்மா சேற்றில் நின்றது நாங்கள் நிற்கக்கூடாது என்பதற்காக. மறுபடியும் எங்களைச் சேற்றுக்குக் கூப்பிடுகிறீர்களா?’ என்றார்கள். இல்லை. கூலிக்கு நாற்று நட யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சேறு இழிவானதல்ல, அடுத்தவன் வரப்பில் நின்று பேச்சு வாங்கியதுதான் இழிவு. அந்தப் பேச்சு இல்லாத இடத்தில், தன் பிள்ளைக்காக, தன் நேரத்தில் மண்ணைத் தொடுகிற வாய்ப்பு அம்மாவுக்குக் கிடைத்ததா என்று வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். மாடிவீட்டில் மகன் கொண்டுபோய் வைத்த பிறகும் எண்ணெய் டின்னில் மண் நிரப்பி மிளகாய் விதை போடுகிற அம்மாக்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் சேற்றுக்குத் துரத்தவில்லையே.

இன்னொன்றும் உண்டு. ஊரை விட்டு வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம், ஊர் நம் பின்னாலேயே வந்து புறநகரில் வாடகைக்கு வீடு விடுகிறது. ‘சைவமா?’ என்று கேட்கிறது. ‘சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?’ என்று கேட்கிறது. 2012இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்த ஓர் ஆய்வு ஏழு பெருநகரங்களின் வார்டு விவரங்களைப் பார்த்துவிட்டு, பொருளாதார நிலை பிரிப்பதைவிடச் சாதிதான் குடியிருப்புகளை அதிகமாகப் பிரிக்கிறது என்று சொன்னது. அந்த வாடகை வீட்டில் நம் பிள்ளைகள் முதலில் விடுவது சாப்பாட்டை. ஜன்னலைச் சாத்திவிட்டு மாட்டுக்கறி சமைக்கிறார்கள். கருவாட்டை ஊரிலிருந்து எடுத்துவர வேண்டாம் என்று அம்மாவுக்குப் போன் போடுகிறார்கள். நத்தை என்ற சொல்லையே வாயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஆர்கானிக் கடையில் சிறுதானியமும் செக்கு எண்ணெயும் வாங்கிக் கிராமத்துச் சாப்பாடு சாப்பிடுவதாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடிகிறது. எந்தக் கிராமத்தின் சாப்பாடு? கிராமம் என்றால் அங்கே நம் அடுப்பும் எரிந்தது. கிராமத்து வாழ்வை நேசிக்கிறோம் என்று நாம் சொல்லும்போது அந்த அடுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைப்பதும் அந்த நேசத்தில் ஒரு வேலை. பறையில் இது ஓரளவு நடந்திருக்கிறது. சாவு வீட்டில் கட்டாயமாக அடித்த பறையை இன்று நம் பெண்பிள்ளைகள் கல்லூரி மேடையில் விரும்பி அடிக்கிறார்கள். யார் சொல்லி அடிக்கிறோம், யாருக்காக அடிக்கிறோம் என்பது மாறியபோது கருவியின் பொருளே மாறியது. கீரைக்கும் நத்தைக்கும் ஆட்டுக்கும் அதே மாற்றம் வரவேண்டும்.

அதற்கு இடம் வேண்டும். ஆளுக்கு ஒரு கொல்லை இனி 3 சென்ட்டில் நடக்காது என்று கணக்குப் பார்த்துவிட்டோம். ஆகவே பொதுவில் கேட்கவேண்டும். பொதுநிலம் பற்றி உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன தீர்ப்பு அது. ஏரி, வாய்க்கால் ஓரக் குடிசைகளை இடிக்கும்போது அதிகாரிகள் கையில் வைத்திருப்பது இதுபோன்ற தீர்ப்புகளைத்தான். ஆனால் அதே தீர்ப்பில், நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு ஆணைப்படி குத்தகைக்குக் கொடுக்கப்பட்டவை போன்றவற்றுக்கு விதிவிலக்கும் இருக்கிறது. இடிக்கச் சொல்கிற வரியை எல்லோரும் படிக்கிறார்கள், விதிவிலக்கை நாம்தான் படிக்கவேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அந்தத் தீர்ப்பின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை நம் தெருக்களுக்கு எழுதித் தாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் சிக்கல்தான். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல் மட்டும். 2011இல் அந்தக் காலம் முடிந்தது, அதன்பின் இல்லை. நம் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் இருந்தால் அவர் வீட்டு வாசலில் உட்காரலாம். இப்போது ஆணையர் அலுவலகம்தான். கிராமப் பஞ்சாயத்தை அண்ணல் சந்தேகப்பட்டார் என்பதற்காக உள்ளாட்சித் தேர்தல் வேண்டாம் என்று நாம் இருந்துவிட முடியாது. தனித்தொகுதியோடு நடக்கிற தேர்தல் சாதிப் பஞ்சாயத்து அல்ல.

மன்றம் வைக்கப்போகிற கோரிக்கை இதுதான். காலனியை ஒட்டி, நகராட்சி எல்லைக்குள், புறம்போக்கு நிலத்தில் பொதுக் கொல்லை. பெண்கள் குழுவின் பெயரில் நீண்டகாலக் குத்தகை. ஆடு, கோழிக்கு அனுமதி. ஒரு கிணறு அல்லது குழாய் இணைப்பு. பூங்கா என்று பெயர் வைத்து நடைபாதைக் கல் பதித்து மாலை ஆறு மணிக்குப் பூட்டுகிற இடம் நமக்கு வேண்டாம். பிரிட்டனில் நகரத்துத் தொழிலாளர்களுக்கு உள்ளாட்சி அமைப்பு காய்கறித் துண்டு நிலம் ஒதுக்கித் தரவேண்டும் என்று 1908இல் சட்டமே போட்டார்கள், இன்றும் அங்கே அதற்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. உழவர்கரை நகராட்சியால் ஒரு காலனிக்கு அரை ஏக்கர் முடியாதா?

தெருவுக்குள் இதை எதிர்ப்பவர்களும் இருப்பார்கள். அந்த இடத்தில் இன்னும் பத்து மனை போடலாமே என்பார்கள். வீடில்லாதவர் வீடு கேட்பது நியாயம். மனைக்கும் கொல்லைக்கும் சண்டை மூட்டிவிட்டு அதிகாரிகள் ஒதுங்கிக்கொள்வார்கள், அந்தச் சண்டைக்குள் நாம் விழுந்துவிடக்கூடாது. இரண்டு மனுவும் ஒன்றாகவே போகவேண்டும் என்று தாய்மார்கள் குழு சொல்லியிருக்கிறது. மன்றமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மனுவுக்கு வேண்டியது சர்வே எண்கள். பெரிய காலாப்பட்டு, சின்ன காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி மூன்றுக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் புறம்போக்கு என்று எழுதியிருக்கிற துண்டுகளை எடுத்து, நேரில் போய் அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். ஆறு மாணவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் நான்கு பேர் தேவை. ஆசிரியர் ஐயாவின் கீரை நோட்டு அரங்குக்கு வெளியே மேசையில் இருக்கிறது. அவர் வீட்டார் படியெடுக்கக் கொடுத்திருக்கிறார்கள். கடைசிப் பத்துப் பக்கம் வெற்றுத்தாள். தாய்மார்கள் வீட்டுக்குப் போகுமுன் அங்கே நின்று, உங்களுக்குத் தெரிந்து அதில் இல்லாத பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்; எழுதிக்கொள்ளப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.